சுவருக்கு வலிக்காமல் வால்பேப்பர் உரிப்பது எப்படி?

வீடுகளுக்கு வண்ணம் பூசுவது என் தொழில். புது வண்ணம் பூசிச் சில மாதங்கள்கூட ஆகவில்லை, அதற்குள் சுவர் பாளம் பாளமாக உரிகிறது என்று யாராவது அழைத்தால், நான் முதலில் கேட்பது, "அந்தச் சுவரில் முன்பு வால்பேப்பர் இருந்ததா?" என்றுதான். பெரும்பாலும் இருந்திருக்கும். தாளைக் கிழித்து எடுத்திருப்பார்கள், பசையை அப்படியே விட்டிருப்பார்கள். அல்லது தாளையே எடுக்காமல் அதன்மேல் வண்ணத்தை ஏற்றியிருப்பார்கள். இரண்டுமே சுவருக்குச் செய்யும் அநியாயம். இந்த வேலைக்குப் பெரிய கைத்திறன் வேண்டியதில்லை. தண்ணீர் தன் வேலையைச் செய்து முடிக்கும்வரை காத்திருக்கத் தெரிந்தால் போதும், யார் வீட்டிலும் யாரும் செய்யலாம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்களே, அது கையில் சுரண்டும் தகடு பிடித்தவர்களுக்கு நன்றாகவே பொருந்தும்.

தாள் எது, சுவர் எது

கதவுக்குப் பின்னாலோ அலமாரி மறைக்கும் இடத்திலோ ஒரு மூலையைத் தேர்ந்தெடுங்கள். பட்டி (சுவரின் குழிகளை அடைத்துச் சமன்செய்யும் பூச்சு) இழுக்கும் தகட்டின் நுனியால் தாளின் ஓரத்தை மெல்ல நெம்பி, விரலால் பிடித்து இழுத்துப் பாருங்கள். என்ன வகைத் தாள் என்பதை அதுவே சொல்லிவிடும். காய்ந்தபடியே, கிழியாமல், முழுத் துண்டாக உரிந்து வந்தால் அது நான்வோவன் வகை. மரக்கூழ் இழையும் பாலியெஸ்டர் இழையும் கலந்து செய்தது, அதனால்தான் அந்த உறுதி. மேலே இருக்கும் பிளாஸ்டிக் தோல் மட்டும் உரிந்து, சுவரில் மெல்லிய வெள்ளைத் தாள் தங்கினால் அது வினைல். நகத்தளவு துணுக்குகளாகப் பிய்ந்தால் சாதாரணக் காகிதம். பின்பக்கம் பிசுபிசுத்து, இழுக்கும்போது சற்றே நீண்டு கொடுத்தால் அது ஸ்டிக்கர் வகை. அந்தக் கடைசி வகையைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது.

அடுத்து, தாளின்மேல் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு உள்ளே இறங்கி அந்த இடம் கறுத்தால், தாள் தண்ணீரைக் குடிக்கிறது. முத்து முத்தாக நின்று வழிந்து ஓடினால் மேலே பிளாஸ்டிக்கோ பெயிண்டோ இருக்கிறது. அதைக் கடக்க வழிசெய்யாமல் எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் பசையை எட்டாது.

இனி சுவர். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஒரு சுவிட்ச் போர்டின் மூடியைக் கழற்றுங்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் நான் இதைத்தான் முதலில் செய்வேன். மூடி மறைத்திருந்த விளிம்பில் அந்தச் சுவர் உடுத்திய அனைத்தும் அடுக்கடுக்காகத் தெரியும். மேலே இப்போதைய பூப்போட்ட தாள், அதன் கீழே பழுப்பேறிய இன்னொரு தாள், இரண்டுக்கும் நடுவே மஞ்சளாகக் காய்ந்த பசைக் கோடு, பிறகு ஏதோ ஒரு காலத்துப் பெயிண்ட், அதற்கும் அடியில் சிமென்ட் பூச்சின் சாம்பல் நிறம் அல்லது ஜிப்சம் பலகையின் வெள்ளை விளிம்பு. எத்தனை அடுக்கு உரிக்க வேண்டும், அடியில் இருப்பது எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்ற இரண்டு கேள்விக்கும் அந்தச் சிறு இடத்தில் பதில் கிடைத்துவிடும். விரல் முட்டியால் சுவரைத் தட்டினாலும் தெரியும்: சிமென்ட் பூச்சு கெட்டியாக ஒலிக்கும், ஜிப்சம் பலகை வெற்றிடத்தோடு ஒலிக்கும்.

சிமென்ட் பூச்சு தண்ணீரைப் பொறுத்துக்கொள்ளும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் நெடுநேரம் ஊறினால் இளகிவிடும். அதிகக் கவனம் வேண்டியது ஜிப்சம் பலகைக்கு. அதன் முகமே ஒரு காகிதம்தான். பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடிக்காமல் அதன்மேல் நேரடியாக வால்பேப்பர் ஒட்டியிருந்தால், காகிதத்தோடு காகிதம் பிணைந்திருக்கும். ஒன்றை இழுத்தால் மற்றதும் கூடவே வரும்.

தொடங்கும் முன்

சாமான்களை வெளியேற்றுங்கள், முடியாதவற்றை நடுவில் சேர்த்து மூடுங்கள். தரையில் முதலில் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் பழைய பருத்தித் துணி. வெறும் பிளாஸ்டிக்கில் பசைத் தண்ணீர் விழுந்தால் கால் வழுக்கும். ஏணியிலிருந்து இறங்கும்போது அது பெரிய ஆபத்து. விரிப்பின் ஓரத்தைச் சுவரடியில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டிவிடுங்கள். அந்த அறைக்கான மின்சாரத்தை அணைத்து, சுவிட்ச், பிளக் வாய்களை டேப்பால் மூடுங்கள். விளக்கு இருக்காது என்பதால் பகலில் செய்வதே நல்லது. ஆணிகளையும் கொக்கிகளையும் கழற்றிவிடுங்கள், தகடு ஓடும் வழியில் எதுவும் நிற்கக் கூடாது.

கருவிகள் அதிகம் வேண்டாம். ஒரு தெளிப்பான், ஒரு பெரிய ஸ்பாஞ்ச், இரண்டு வாளி, ஏணி, கையுறை, தலைக்கு மேல் வேலை செய்யும்போது கண்ணுக்கு ஒரு கண்ணாடி. தகடு இரண்டு: ஆறு அங்குலத்தில் ஒன்று, மூலைகளுக்கு மூன்று அங்குலத்தில் ஒன்று. புதுத் தகடு வாங்கினால், அதன் இரண்டு முனைகளையும் அரத்தாலோ உப்புத்தாளாலோ தேய்த்து உருட்டிவிடுங்கள். சுவரில் விழும் பிறைக் கீறல்களில் பெரும்பகுதி அந்தக் கூர் முனைகளால் விழுபவைதான். இதைச் செய்ய ஆகும் சில நிமிடங்கள், பிற்பாடு பட்டி பார்க்கும் வேலையை வெகுவாகக் குறைத்துவிடும்.

காய்ந்தபடியே வருவதை முதலில் எடுங்கள்

தண்ணீர் அடிக்கும் முன், காய்ந்த நிலையில் எவ்வளவு வருகிறதோ அவ்வளவையும் உரித்துவிட வேண்டும். வால்பேப்பர் சுருள்களில் பரவலாக உள்ள அகலம் 53 சென்டிமீட்டர். எனவே பூ வேலைப்பாட்டில் இணைப்பு தெரியாவிட்டாலும், ஒரு மூலையிலிருந்து அளந்துபோனால் அந்த இடைவெளியில் விரல் நுனிக்கு ஒரு கோடு தட்டுப்படும். அந்த இணைப்பின் கீழ் மூலையில் நெம்பித் தொடங்குங்கள்.

இழுக்கும் கோணம் முக்கியம். தாளைச் சுவரிலிருந்து நேராக நம்மை நோக்கி இழுத்தால் பூச்சையும் பெயர்த்துக்கொண்டு வரும். தாளைப் பின்னுக்கு மடித்து, சுவரை ஒட்டியபடியே மேல்நோக்கி மெதுவாக இழுங்கள். அப்போது விசை முழுவதும் பசைக் கோட்டில் விழும், சுவரில் விழாது. நான்வோவன் தாள் என்றால் இதோடு பாதி வேலை முடிந்தது. வினைலில் மேல்தோல் மட்டும் வந்து அடித்தாள் தங்கினால் கவலைப்பட வேண்டாம். அந்த அடித்தாள் தண்ணீரை நன்றாக உறிஞ்சிப் பசைக்குக் கொண்டுபோகும்.

நனைப்பதும் காத்திருப்பதும்

வால்பேப்பர் பசை பெரும்பாலும் மாவுப்பொருளான ஸ்டார்ச்சால் ஆனது, அல்லது மீத்தைல் செல்லுலோஸால் ஆனது. இரண்டுமே தண்ணீரில் ஊறி உப்பி, பிடியை விட்டுவிடும் குணமுடையவை. ஆகவே முதன்மையான மருந்து தண்ணீர்தான். கை பொறுக்கும் சூட்டில் இருந்தால் விரைவாக வேலை செய்யும். பாத்திரம் கழுவும் திரவ சோப்பைச் சில சொட்டுகள் சேர்த்தால் தண்ணீரின் பரப்பு இழுவிசை குறைந்து, தாளுக்குள் எளிதாக இறங்கும். துணி மென்மையாக்கும் திரவம் சேர்ப்பவர்களும் உண்டு, அதுவும் இதே காரணத்துக்காகத்தான் உதவுகிறது. வினிகர் ஊற்றச் சொல்வார்கள். நான் ஊற்றுவதில்லை. சூடும் நேரமும் செய்யும் வேலையை வினிகர் கூடுதலாகச் செய்து நான் பார்த்ததில்லை, வாடைதான் மிச்சம்.

நொதி கலந்த வால்பேப்பர் நீக்கிகள் ஸ்டார்ச் பசைக்கு நன்றாக உதவும். அவற்றில் இருக்கும் அமைலேஸ் ஸ்டார்ச்சைத் துண்டு துண்டாக உடைக்கிறது. ஆனால் கொதிக்கும் நீரில் கலந்தால் நொதி செயலிழந்துவிடும். வெதுவெதுப்பான நீரில்தான் கலக்க வேண்டும்.

ஒரு தாளின் அகலம், அல்லது இரண்டு தாளின் அகலம், அவ்வளவுதான் ஒரு முறைக்கு. முழுச் சுவரையும் நனைத்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் முதல் பகுதி காய்ந்திருக்கும். மேலிருந்து கீழாகத் தெளியுங்கள், வழியும் தண்ணீர் கீழ்ப்பகுதியை முன்கூட்டியே நனைத்து வைக்கும். ஐந்து நிமிடம் கழித்து அதே இடத்தில் மறுபடியும் தெளியுங்கள். மொத்தம் பதினைந்து, இருபது நிமிடமாவது பசைக்குக் கொடுங்கள். காற்று வறண்டிருந்தால், நனைத்த சுவரின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து உள்ளங்கையால் நீவிவிடுங்கள். ஈரமே அதைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீரும் ஆவியாகாது.

என்னிடம் புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அக்கா, இப்போது சுரண்டலாமா?" கடிகாரத்தைப் பார்த்து நான் பதில் சொல்வதில்லை. "நகத்தால் தள்ளிப் பார் தம்பி. தாள் வழுக்கிக்கொண்டு நகர்ந்தால் சுரண்டு. நகராவிட்டால் இன்னொரு முறை தண்ணீர் அடி" என்பேன். ஊறிய தாளுக்கு வேறு அடையாளங்களும் உண்டு. நிறம் திட்டுத் திட்டாக இல்லாமல் ஒரே சீராகக் கறுத்திருக்கும், ஆங்காங்கே சிறு கொப்புளங்கள் எழுந்திருக்கும், இணைப்புக் கோடுகள் தாமாகவே வாய் திறந்திருக்கும். அப்போது தகட்டைச் சுவரோடு ஏறக்குறையப் படுக்கவைத்துச் செலுத்தினால், தாள் முன்னால் சுருண்டு சுருண்டு வரும். சத்தமே கேட்காது. கரகரவென்று சத்தம் கேட்டால் தகடு பசையை விட்டுச் சுவரைத் தொட்டுவிட்டது என்று பொருள். கையை எடுத்துவிட்டுத் தெளிப்பானை எடுங்கள். காயத்தில் ஒட்டிய கட்டுத்துணியை நனைத்து நனைத்துப் பிரிப்பதுபோலத்தான் இதைச் செய்ய வேண்டும்.

ஒரு பகுதி ஊறும்போது அடுத்ததை நனைத்துவிடுங்கள். இந்தத் தாளம் பிடிபட்டுவிட்டால் காத்திருக்கும் நேரம் வீணாகாது. பல அடுக்குத் தாள் இருந்தால் ஒரு நேரத்தில் ஓர் அடுக்குதான். எல்லாவற்றையும் ஒன்றாகப் பெயர்க்க முயன்றால் கடைசி அடுக்கு சுவரையும் இழுத்துக்கொண்டு போகும்.

ஜிப்சம் பலகையில் இதே முறைதான், ஆனால் கை சிக்கனமாக இருக்க வேண்டும். தெளிப்பதைவிடப் பிழிந்த ஸ்பாஞ்சால் ஒற்றுவது பாதுகாப்பு. வழியாமல் நிற்கும் ஜெல் வகை நீக்கி கிடைத்தால் இன்னும் நல்லது. குறைவாக நனைத்து, சிறு சிறு பகுதிகளாக எடுங்கள்.

உரித்த தாளை அவ்வப்போது பைக்குள் போடுங்கள். தரையில் கிடந்து காய்ந்தால், அதை உரிக்க இன்னொரு வேலை வரும். வினைல் தாளை எக்காரணம் கொண்டும் எரிக்காதீர்கள். அதில் உள்ள பி.வி.சி. எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு என்னும் அரிக்கும் வாயு வெளியாகும்.

தண்ணீர் இறங்காத இடங்கள்

தாளின்மேல் பெயிண்ட் அடித்திருந்தால் தண்ணீர் இறங்க வாசல் திறக்க வேண்டும். துளையிடும் முள்சக்கரக் கருவி இதற்கென்றே விற்கிறது. சிமென்ட் பூச்சில் அதை மெல்ல ஓட்டலாம். ஜிப்சம் பலகையில் நான் அதைத் தொடவே மாட்டேன். ஒவ்வொரு முள்ளும் பலகையின் முகத்தில் ஒரு குழி பதிக்கும், அந்தக் குழிகளை அடைக்க ஒரு முழுப் பட்டிப் பூச்சு தேவைப்படும். அதற்குப் பதிலாக 60ஆம் எண் முரட்டு உப்புத்தாளால் பெயிண்டின் மேல்பரப்பை மட்டும் கீறிவிட்டால் போதும்.

ஆனால் வீடு மிகப் பழையது என்றால் காய்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. பழைய பெயிண்டுகளில் ஈயம் இருக்கலாம், அதன் தூசி குழந்தைகளுக்கு மிகவும் கெடுதல். 19ஆம் நூற்றாண்டுத் தாள் தட்டுப்பட்டால் இன்னும் எச்சரிக்கை தேவை. ஸ்வீடன் வேதியியலாளர் ஷீலே 1775இல் உருவாக்கிய பச்சை நிறமியில் ஆர்சனிக் இருந்தது, அந்த நிறம் பிற்பாடு வால்பேப்பர்களில் ஏராளமாகப் பயன்பட்டது. இப்படிப்பட்ட சந்தேகம் எழுந்தால், தாளைச் சோதனைக்குக் கொடுத்து விடை தெரிந்த பிறகே கை வையுங்கள்.

பெயிண்ட் ஏறிய தாளுக்கும் பல அடுக்குத் தாளுக்கும் நீராவி இயந்திரம் நன்றாக உதவும். தட்டை அரை நிமிடம்போல வைத்து நகர்த்தி, இளகிய இடத்தை உடனே சுரண்டுங்கள். ஒரே இடத்தில் நெடுநேரம் வைத்தால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூச்சு பெயர்ந்துவிடும், ஜிப்சம் பலகை ஊறி உப்பிவிடும். நீராவி குளிர்ந்து கொதிநீராகச் சொட்டும், தலைக்கு மேல் பிடித்தால் அது நேராக முழங்கை வரை இறங்கும். முழுக்கைச் சட்டையும் தடித்த கையுறையும் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். குழந்தைகள் அந்த அறைப்பக்கமே வரக் கூடாது.

ஸ்டிக்கர் வகைக்கு ஹேர் டிரையர் போதும். ஒரு சாண் தூரத்தில் பிடித்து, சூடேறிய ஓரத்திலிருந்து மெல்ல உரியுங்கள். மிஞ்சும் பிசுக்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைக்கலாம். டிரையரை அணைத்து, ஜன்னலைத் திறந்து, அருகில் நெருப்பு இல்லாமல் பார்த்துக்கொண்ட பிறகே ஆல்கஹாலைத் திறக்க வேண்டும்.

உரிக்கும்போது தாளுக்குப் பின்னால் கறுப்புப் பூசணம் தெரிந்தால், அலங்கார வேலையை அங்கேயே நிறுத்துங்கள். வினைல் தாள் ஈரத்தை வெளியே விடாது, பசையோ பூசணத்துக்கு நல்ல தீனி. ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடித்து, குழாய்க் கசிவோ கூரைக் கசிவோ எதுவானாலும் அதைச் சரிசெய்த பிறகுதான் மற்றது. பூசணத்தைக் காய்ந்தபடி சுரண்டினால் அதன் வித்துகள் வீடு முழுக்கப் பரவும். நனைத்து, முகக்கவசம் அணிந்து துடைத்தெடுங்கள்.

பசை

தாள் போனதும் சுவர் சுத்தமாகிவிட்டதாகத்தான் தோன்றும். இங்கேதான் எல்லோரும் வேலையை முடித்துக்கொள்கிறார்கள். நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே இந்த ஒரு பகுதிக்காகத்தான்.

கண்ணுக்குப் பசை தெரியாது, காய்ந்தால் அது நிறமற்ற மெல்லிய படலம். சுவரில் தண்ணீரைத் தெளித்து உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். வழுவழுவென்று கை வழுக்கினால் பசை இருக்கிறது. சுத்தமான பூச்சு சற்றுச் சொரசொரவென்று கையைப் பிடிக்கும். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால், காயத்துக்குப் போடும் அயோடினைத் தண்ணீரில் சில சொட்டுகள் கலந்து, பஞ்சில் தொட்டு ஒரு மூலையில் ஒற்றுங்கள். ஸ்டார்ச் மிஞ்சியிருந்தால் அந்த இடம் கருநீலமாக மாறும். பள்ளி ஆய்வகத்தில் எல்லோரும் பார்த்த அதே சோதனைதான். மீத்தைல் செல்லுலோஸ் பசை இதற்கு நிறம் மாறாது என்பதால் கைத்தடவலையும் சேர்த்தே செய்ய வேண்டும். அயோடின் கறை புது வண்ணத்தின் ஊடே எட்டிப் பார்க்கலாம், சிறு இடத்தில் மட்டும் சோதித்துவிட்டுக் கழுவிவிடுங்கள்.

பசையை எடுக்க இரண்டு வாளி வேண்டும் என்றேனே, அது இதற்குத்தான். ஒன்றில் சோப்புக் கலந்த வெந்நீர், மற்றதில் வெறும் தண்ணீர். முதல் வாளி நீரால் சுவரை நனைத்து, சில நிமிடம் விட்டு, வட்டமாகத் தேயுங்கள். ஸ்பாஞ்சை அலச மட்டும் இரண்டாம் வாளி. அந்தத் தண்ணீர் கலங்கி வழுவழுப்பானதும் கொட்டிவிட்டுப் புதிது எடுங்கள். கலங்கிய நீரிலேயே தொடர்ந்தால், ஓரிடத்துப் பசையை எடுத்து இன்னோர் இடத்தில் பூசுகிறோம். இணைப்புக் கோடுகள் இருந்த இடத்திலும் சுவரடியிலும் பசை தடித்திருக்கும், அங்கே தகட்டால் மெல்ல வழித்துவிட்டுத் தேயுங்கள். கடைசியாக வெறும் தண்ணீரால் ஒரு முறை துடைத்து, உள்ளங்கைச் சோதனையை மறுபடி செய்யுங்கள். வழுக்கினால் மறுபடி கழுவத்தான் வேண்டும், வேறு வழியில்லை.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? தண்ணீர் கலந்த பெயிண்டை இந்தப் படலத்தின்மேல் பூசினால், பெயிண்டில் உள்ள ஈரம் பசையை மறுபடி உப்ப வைக்கும். காயும்போது பசை சுருங்கும், கூடவே பெயிண்டையும் இழுக்கும். மேற்பரப்பில் மெல்லிய விரிசல் வலை விழும், பிறகு செதில் செதிலாக உரியத் தொடங்கும். பெயிண்ட் எவ்வளவு உயர்ந்த ரகமானாலும் இது நடக்கும். அதன்பின் அந்தப் பெயிண்டை எடுப்பது, தாளை எடுத்ததைவிடக் கடினமான வேலை.

காயவிட்டு, பட்டி பார்த்து

ஜன்னல்களைத் திறந்து, மின்விசிறியை ஓடவிட்டு, குறைந்தது ஒரு முழு நாள் காயவிடுங்கள். நன்றாக ஊறிய பூச்சு என்றால் இன்னும் அதிகம். சுவரின் நிறம் எங்கும் ஒரே மாதிரி வெளுத்திருக்க வேண்டும். பிறகு ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் தெரியாத கீறலும் மேடும் நிழலோடு எழுந்து நிற்கும். அவற்றைப் பென்சிலால் குறித்து, மெல்லிய பூச்சாகப் பட்டி வையுங்கள். ஒரே தடவையில் தடிப்பாக அப்பினால் வெடிக்கும். காய்ந்ததும் 150ஆம் எண் உப்புத்தாள், பிறகு 220. தூசியை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

ஜிப்சம் பலகையின் மேல்தாள் கிழிந்து பழுப்பு நிறம் தெரியும் இடங்களில், நேரடியாகப் பட்டியையோ தண்ணீர்ப் பெயிண்டையோ வைக்காதீர்கள். ஈரம் பட்டதும் அந்தப் பழுப்புத் தாள் கொப்புளமாக எழும். தொங்கும் விளிம்புகளைக் கத்தியால் சீராக வெட்டி, ஆயில் பிரைமரோ ஷெல்லாக் என்னும் அரக்குப் பிசின் அடிப்படையிலான பிரைமரோ அடித்து, காய்ந்த பிறகு பட்டி வையுங்கள்.

பிரைமர் இல்லாத ஜிப்சம் பலகையில் தாள் பிணைந்து, எவ்வளவு பொறுமையாக நனைத்தும் பலகையின் முகம் கூடவே வருகிறது என்றால், பலகையைச் சிதைக்காதீர்கள். தளர்ந்த ஓரங்களை மட்டும் வெட்டி எடுத்து, மிஞ்சிய தாளை ஆயில் பிரைமரால் மூடி, முழுச் சுவருக்கும் மெல்லிய பட்டி இழுத்து வண்ணம் பூசலாம். தாளின்மேல் வண்ணம் ஏற்றுவதை நான் ஒப்புக்கொள்ளும் ஒரே சந்தர்ப்பம் இதுதான்.

பட்டியெல்லாம் முடிந்ததும், வண்ணம் பூசுவதானாலும் புதிய வால்பேப்பர் ஒட்டுவதானாலும், முழுச் சுவருக்கும் ஒரு கோட் பிரைமர் அடித்துவிடுங்கள். ஆயில் பிரைமர் என்றால், கண்ணுக்குத் தப்பிய பசைத் துளிகளையும் அது பூட்டி வைக்கும். புதிய தாள் ஒட்டுகிறவர்கள் வால்பேப்பருக்கென்று விற்கும் பிரைமரையே வாங்கி, டப்பாவில் குறிப்பிட்ட நேரம் காயவிட்ட பிறகே பசை தடவுங்கள். அப்படி ஒட்டிய தாளைப் பின்னாளில் எடுக்க வேண்டி வந்தால் ஒரு வாளி வெந்நீரிலேயே வந்துவிடும்.